பாலத்தில் தனியாக நின்ற பெண்

மணவிழா வரவேற்புக்குத் தலைமை ஏற்று, மாலையின் பாரத்திலும் மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் சமூக மன்றத் தலைவர், சிராங்கூன் சாலை மளிகைக் கடை மாண்பாளர், ஐயா பரமசிவம் அவர்களே! காலையில் கரம் உயர்த்தி ஆசி தந்து, இப்போது பிரியாணி அண்டா இருக்கும் திசையையே அருள் பார்வை பார்த்துக்கொண்டிருக்கும் பங்குச் சாமியார் அவர்களே! தஞ்சோங் பகார் துறைமுகத்தில் என்னோடு தோள் கொடுத்து, தொழிற்சங்க மேடைகளில் என் தொண்டைக்குத் தண்ணீர் கொடுத்த தோழர்களே! பெற்று வளர்த்து, பெண் கொடுத்து, பெண் எடுத்து, இன்று பின்வரிசையில் அமர்ந்து நான் பேசுவதைக் கேட்காமல் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பெருமைக்குரிய தாய்மார்களே! என் அருமை அக்காள் அந்தோனியம்மாளே! மாப்பிள்ளையின் தந்தை, சம்பந்தி கபிரியேல் அவர்களே! மாப்பிள்ளையின் தாய், சம்பந்தியம்மா அல்போன்சம்மாள் அவர்களே! உங்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம் தனியாக வைக்கிறேன், காரணம் போகப் போகத் தெரியும். மணமகன் சிலுவைராஜே! என் அக்காள் மகள், என் கண்ணின் மணி, மணமகள் உர்சுலாவே! எல்லோருக்கும் இந்த லாசரசின் வணக்கம்!

நடந்துவிட்டது ஐயா! நடந்தே விட்டது! தாலி ஏறிவிட்டது, மோதிரம் மாறிவிட்டது, கோயில் ஏட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது! இனி எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாது! அப்பாடா! இந்த ஒரு ‘அப்பாடா’வை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு எத்தனை நாள் தவித்தேன் தெரியுமா? இன்றைக்குத்தான் வாய் திறந்து விடுகிறேன். இன்னொரு முறை விடட்டுமா? அப்பாடா!

கை தட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் பார்த்துத் தட்டுங்கள். இந்தக் குடும்பத்தில் கை தட்டியதால் வந்த வினை கொஞ்சநஞ்சமில்லை.

காலையிலிருந்து ஆளுக்கு ஆள் என்னை ஒரே கேள்வி கேட்கிறார்கள். கோயில் வாசலில் கேட்டார்கள், பேருந்தில் கேட்டார்கள், கை கழுவும் இடத்தில்கூடக் கேட்டார்கள். “ஏன் லாசரஸ், பெண்ணுக்கு அப்பா இல்லை, தாய்மாமன் நீ இருக்கிறாய். பெண்ணைக் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் நீதானே அழைத்துப் போகணும்? மாப்பிள்ளையோட அம்மா அழைத்துப் போனாங்களே, இது எந்த ஊர் வழக்கம்?” நியாயமான கேள்வி! இதோ, நான் போட்டிருக்கும் கோட்டைப் பாருங்கள். காதர் மைதீன் பாய் கடையில் அளவு கொடுத்து, அந்த நடைக்காகவே தைத்த கோட்டு! அதைப் போட்டுக்கொண்டு நான் முதல் வரிசையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வருத்தம் இல்லையா? இருந்தது! கோபம் இல்லையா? கொஞ்சம் இருந்தது! பிறகு ஏன் விட்டுக்கொடுத்தேன்? அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சினிமா.

பின்வரிசையில் பேச்சு நின்றுவிட்டதே! தாய்மார்களே, சினிமா என்றதும் காது தீட்டுகிறீர்களே, வாழ்க!

நம் மாதா கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். உர்சுலாவுக்கும் சிலுவைராஜுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த இரண்டாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை மதியம், சம்பந்தி கபிரியேலுக்கு ஓர் ஆசை பிறந்தது. பெண்ணையும் பிள்ளையையும் ஒரு படத்துக்கு அழைத்துப் போக வேண்டும்! தனியாக விடலாமா? விடலாமா தாய்மார்களே? விடமாட்டோமே! இரண்டு வீட்டு ஆட்களும் ஒரு வரிசை முழுக்க அடைத்து உட்கார வேண்டும். பெண் அந்தக் கோடி, பிள்ளை இந்தக் கோடி, நடுவில் பெரியவர்கள் நாங்கள் மலைத்தொடராக உட்காருவோம். இதற்குப் பெயர் நம் ஊரில் ‘பெண்ணும் பிள்ளையும் சேர்ந்து படம் பார்த்தார்கள்!’

எந்தப் படம்? தமிழ்ப் படம் அந்த வாரம் மாற்றிவிட்டார்கள். ஜாலான் புசார் பக்கத்துத் தியேட்டரில் ஒரு சீனப் படம். வாசலில் கையால் வரைந்த பெரிய பேனர். அதில் ஒரு பெண், வெள்ளை உடை, தகப்பன் சமாதிக்கு முன்னால் முழந்தாளிட்டு ஊதுபத்தி ஏற்றிக் கண்ணீர் விடுகிறாள். சம்பந்தி பார்த்தார். சீன எழுத்து தெரியாது, இங்கிலீஷ் எழுத்தும் அவ்வளவாகத் தெரியாது. “குடும்பப் படம் சம்பந்தி, அப்பா பாசம்! தாய்மார்களுக்கு ஏத்தது!” என்றார். டிக்கெட் எடுத்துவிட்டார்.

படத்தின் பெயர் ‘இரும்பு வளையல்’. அப்பா பாசம்தான், பொய்யில்லை! முதல் காட்சியிலேயே வாள் பயிற்சிப் பள்ளி நடத்தும் அப்பாவை அவருடைய சீடர்களே சதி செய்து கொன்றுவிடுகிறார்கள். மகள் அப்பா கையில் இருந்த இரும்பு வளையலைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு என்ன? வெட்டு! கூரை மேல் பறந்து வெட்டு, குடைக்குள் சுழன்று வெட்டு, பூ உதிர்கிற மரத்தடியில் நின்று வெட்டு! எதிரி வாளை வீசினால் வளையலால் தடுப்பாள், ‘டங்’ என்று தியேட்டரே அதிரும். ரத்தம் சிந்தும் என்று நினைக்கிறீர்களா? பீய்ச்சும் ஐயா, பொதுக்குழாய் உடைந்த மாதிரி! ஆனால் அவள் தலைமுடி கலையாது, வெள்ளை உடையில் ஒரு பொட்டுக் கறை படாது. என் அக்காள் முதல் வெட்டில் முக்காட்டை முகத்தில் போட்டவள், எடுக்கவே இல்லை. சம்பந்தி அதற்குள் குறட்டை. எனக்கு? உண்மையைச் சொல்கிறேன், கையில் வாங்கிய கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே மறந்துவிட்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. வளையல்காரி, அப்பாவைக் கொன்றவர்களில் ஒருவனை முதன்முதலாகச் சாய்க்கிறாள். தியேட்டரில் ஒரு கைதட்டல், ஒற்றைக் கைதட்டல், கணீரென்று! திரும்பிப் பார்த்தால், எங்கள் வரிசைக் கோடியில் எழுந்து நின்று தட்டுகிறாள் எங்கள் உர்சுலா!

சம்பந்தியம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? நினைத்துப் பாருங்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதாநாயகி ஒரு தொங்குபாலத்தில் நடக்கிறாள். முன்னால் எதிரிகள், பின்னால் எதிரிகள், கீழே ஆறு. வாளும் கைநழுவி ஆற்றில் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எழுந்தார் அல்போன்சம்மாள். “போதும்! எந்திரிங்க எல்லாரும்!” மலைத்தொடர் மொத்தமும் எழுந்தது. வெளியே வந்துவிட்டோம். பேருந்து நிறுத்தத்தில் வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “ரத்தத்தைப் பார்த்துக் கை தட்டுற பொண்ணு கையால என் பிள்ளை எப்படிச் சோறு வாங்கித் திம்பான்?”

பட்டென்று பதில் கொடுத்தாள் எங்கள் வீட்டு ராணி உர்சுலா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அல்லவா! “ரத்தம் நான் தினமும் பாக்குறேன் அத்தை. அங்க கை தட்ட முடியாது லா, அதான் இங்க தட்டினேன்.”

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்கு முன் சாமியாரிடம் போய்த் தடை சொல்லப் போவதாக அல்போன்சம்மாள் அறிவித்துவிட்டார்.

அந்த வாரம் இந்தச் சிங்கப்பூரில் எண்ணெய் விலை பற்றி யார் பேசினார்கள்? வீவக அடுக்குமாடி வீட்டுக்கு அரசாங்கத்திடம் மனுப் போடுவது பற்றி யார் பேசினார்கள்? எங்கு திரும்பினாலும் இரும்பு வளையல்! துறைமுகக் கேண்டீனில் நம் தோழர் தனசேகரன், அதோ தலையைக் குனிகிறாரே அவர்தான், மேசை மேல் ஏறி நின்று, “அது கத்திச் சண்டை இல்லைப்பா, நாட்டியம்! ரத்தம்னா நிஜ ரத்தமா? குங்குமத்தைக் கரைச்சு ஊத்துறான், அழகைப் பாருங்கய்யா!” என்று முழங்கினார். ஒரு கட்சி உருவானது. தலைவர் பரமசிவம் கடையில் எதிர்க்கட்சி. “பழிக்குப் பழின்னு ஒரு பொம்பளைப் பிள்ளை கிளம்பினா ஊரு உருப்படுமா? இந்தக் கடையில அரிசி வேணும்னா அரிசியைப் பத்திப் பேசு, அந்தப் படத்தைப் பத்திப் பேசுனா கதவு அங்க இருக்கு!” தலைவர் அவர்களே, சொன்னீர்களா இல்லையா? தலையாட்டுகிறார், கொள்கை மாறாத மனிதர்! கோட்டுக்கு அளவு கொடுக்கப் போனால் காதர் மைதீன் பாய், “எங்க வீட்டுல ரஷீதா ரெண்டு தடவை பார்த்துட்டா அண்ணே. சோறு கேட்டா கரண்டியால சட்டியில டங்குங்குறா. எனக்குப் பயமா இருக்கு” என்கிறார்.

படம் நல்லதா கெட்டதா? ஊர் இரண்டாகப் பிளந்தது. பிளக்கட்டும்! கருத்து என்று ஒன்று இருந்தால் வேறுபடத்தான் செய்யும். ஆனால் ஊர் பிளந்த அந்தப் பிளவின் நடுவில் யார் மாட்டிக்கொண்டது? என் உர்சுலா!

மாப்பிள்ளையிடம் ஓடினேன். சிலுவைராஜ் சொன்னான், “அம்மா மனசு நோகக் கட்டமாட்டேன் மாமா. உர்சுலாவைத் தவிர யாரையும் கட்டமாட்டேன்.” நான் சொன்னேன், “அப்போ நேரா சாமியார் மடத்துக்குப் போடா!” பெண்ணிடம் வந்தேன். ஒரு மன்னிப்புக் கேட்டுவிடம்மா என்றேன். சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா கப்பல்ல சரக்கு சரிஞ்சு செத்தாரு மாமா. யார் மேலயும் தப்பில்லைன்னு சொன்னாங்க. அம்மா அழுதாங்க, நீங்க அழுதீங்க. யாரைப் போய்க் கேக்குறதுன்னே தெரியாம நானும் அழுதேன். அந்தப் படத்துல அவளுக்கு யாருன்னு தெரிஞ்சுது. போய்க் கேட்டா. அதுக்குத்தான் தட்டினேன். இதுக்கு எப்படி மன்னிப்புக் கேப்பேன்?”

மேடை மேடையாகப் பேசியவன் நான். அன்றைக்கு என் அக்காள் மகள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கி, மீதிச் சீருடையை நானே தேய்த்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை வந்தது. மாலையில் நவநாள். பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பங்களைக் கோயிலில் சாமியார் வாசிக்க, எல்லோரும் சேர்ந்து வேண்டுவோம். நோயாளிக்காக, வேலை இல்லாதவருக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைக்காக. சாமியார் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த உருக்கத்தோடு சொன்னார்: “பாலத்தின்மேல் எதிரிகள் நடுவே தனித்து நிற்கும் தகப்பனில்லாத பெண் ஒருத்திக்காக உருக்கமாக மன்றாடுவோம்.”

கோயிலே உருகியது! என் அக்காள் விம்மிவிட்டாள். “தம்பி, நம்ம உர்சுலாவுக்காக யாரோ ஒரு புண்ணியவதி வேண்டிக்கிறா பாரு!” அவள்தான் முக்காட்டுக்குள் இருந்தவளாயிற்றே, பாலத்தை எங்கே பார்த்தாள்? சம்பந்தி குறட்டையில் இருந்தவர். உர்சுலாவும் சிலுவைராஜும் வேலையில். அந்தக் கோயிலில் அந்தப் பாலத்தைப் பார்த்த கண்கள் இரண்டே ஜோடி. ஒரு ஜோடி என்னுடையது. மெல்லத் திரும்பினேன். பெண்கள் பக்கம், தூண் ஓரம், முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார் அல்போன்சம்மாள்!

சாமி, நீங்கள் ஏன் சாமி வாயைப் பிளக்கிறீர்கள்? ஆமாம் சாமி! சீன சினிமாக் கதாநாயகிக்காகத்தான் நம் பங்கு முழுக்க முழந்தாளிட்டு வேண்டியது! மன்னித்துக்கொள்ளுங்கள், இன்றைக்குத்தான் உங்களுக்கே தெரிகிறது. சம்பந்தியம்மா, அனுமதி நீங்கள் கொடுத்ததால்தான் சொல்கிறேன். முகத்தை மூடாதீர்கள்!

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி எரிகிறது. “சம்பந்தியம்மா, பாலத்துல நிக்கிற பொண்ணு யாரு?” என்றேன். “யாரோ ஒரு பொண்ணு.” “கையில இரும்பு வளையல் போட்டிருக்காளா?” முகம் செக்கச்செவேல் ஆயிற்று. “சிரிக்கிறதா இருந்தா வெளியே போயிடுங்க அண்ணே” என்றார். நான் சிரிக்கவில்லை. உட்கார்ந்தேன். அப்புறம் அவரே சொன்னார்.

“படம் பாவந்தான் அண்ணே. ஆனா அந்தப் பொண்ணை நட்டநடுப் பாலத்துல விட்டுட்டு வந்தது யாரு? நான்தானே எல்லாரையும் கிளப்பினேன். அவ தாண்டினாளா, செத்தாளா, ஒண்ணும் தெரியாது. உலை வச்சா அவ ஞாபகம். துணி துவைச்சா அவ ஞாபகம். முன்னாலயும் ஆளு, பின்னாலயும் ஆளு. அப்பன் இல்லாத பொண்ணு, ஏன்னு கேக்க நாதி இல்லை. நிழல்னு புத்திக்குத் தெரியுது, மனசு கேக்கமாட்டேங்குதே!”

தாய்மார்களே! இதுதானே தாய் மனசு! கத்தியை வெறுத்த மனம், கத்தி நடுவில் நின்றவளை வெறுக்க முடிந்ததா? முடியவில்லையே! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னேன், “எங்க வீட்டுலயும் ஒருத்தி நிக்கிறா சம்பந்தியம்மா. அவளுக்கும் அப்பன் இல்லை. பின்னால ஊர்ப் பேச்சு, முன்னால நீங்க.” பிறகு அவள் ஏன் கை தட்டினாள் என்பதைச் சொன்னேன். கப்பலைச் சொன்னேன், சரிந்த சரக்கைச் சொன்னேன்.

“இதை ஏன் அவ அன்னைக்கே சொல்லலை?” என்றார். “நாம யாரும் கேக்கலையே” என்றேன். எழுந்து, மெழுகுவத்தித் திரியைச் சரிசெய்துவிட்டுக் கேட்டார், “சனிக்கிழமை மதிய ஆட்டம் இருக்கா அண்ணே?”

இருந்தது! போனோம்! மூன்றே பேர். அல்போன்சம்மாள், உர்சுலா, காவலுக்கு நான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரத்தம் வந்தால் மாமியார் கண்ணை மூடிக்கொள்வார், “முடிஞ்சுதா?” என்பார். “இன்னும் இல்லை அத்தை” என்பாள் மருமகள். பாலம் வந்தது. வாள் ஆற்றில் விழுந்தது. முன்னால் எதிரி, பின்னால் எதிரி. வளையல் ஒன்றுதான் கையில். அப்போது அந்தத் தியேட்டரே கேட்க ஒரு குரல் எழுந்தது பாருங்கள்! “விடாதடி! விடாத! நட!” யார் குரல்? படத்தைப் பாவம் என்று சொன்னவர் குரல்! உர்சுலாவின் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, அரை ஆள் எழுந்து நின்று கத்துகிறார்! சீனக் கிழவர் ஒருவர் முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

தாண்டிவிட்டாள் ஐயா! வளையல்காரி பாலத்தைத் தாண்டிவிட்டாள்! எல்லோரையும் முடித்துவிட்டு, அப்பா சமாதியில் அந்த இரும்பு வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, பனியில் தன்னந்தனியாக நடந்து போகிறாள். படம் முடிந்தது. உர்சுலா தேம்பித் தேம்பி அழுகிறாள். அப்பா இறந்த அன்று அழுதாளே, அதே அழுகை. நான் எழப் போனேன். அல்போன்சம்மாள் கையால் என்னை உட்காரச் சொன்னார். தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் படம் பிடித்ததா என்று கேட்டேன். சீறினார்! “இது ஒரு படமா? இத்தனை பேரை வெட்ட வைக்கத் தெரிஞ்சுது அந்த டைரக்டருக்கு, கடைசியில அந்தப் பொண்ணு பக்கத்துல ஒரு பொம்பளையை நிக்க வைக்கத் தெரியலை! தனியா விட்டுட்டானே பாவி!” பார்த்தீர்களா, இன்றைக்கும் அவர் எதிர்க்கட்சிதான்! தலைவர் அவர்களே, உங்கள் கட்சியில் ஓர் ஓட்டும் குறையவில்லை, கவலைப்படாதீர்கள். என் கட்சியிலும் நான் இருக்கிறேன். அந்தச் சண்டை நடக்கட்டும், அரிசி வாங்கும்போதெல்லாம் நடக்கட்டும்.

ஆனால் பேருந்து ஏறும் முன் என்னிடம் கேட்டார், “கோட்டு தச்சாச்சா அண்ணே?” “ஆச்சு” என்றேன். “கோயில் நடையில அதுக்கு வேலை இல்லை. உர்சுலாவை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்.” “மாப்பிள்ளையோட அம்மா பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போற வழக்கம் எங்கம்மா இருக்கு?” என்று நானும் சண்டை பிடித்தேன். அவர் சொன்னார், “அன்னைக்கு ஒருத்தியைப் பாதியில விட்டுட்டு வந்தேன். இவளை விடமாட்டேன்.”

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று சாமியார் கேட்டபோது கோயிலில் ஒரு சத்தம் இல்லை. நான் மட்டும் மூச்சு விட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோட்டு பெரிதா?

இன்று காலை நீங்கள் எல்லோரும் ஒன்று கவனித்திருப்பீர்கள். முதல் வரிசையை நெருங்கும்போது பெண் சட்டென்று நின்றுவிட்டாள். முக்காடு மாட்டிக்கொண்டது என்று நினைத்தீர்கள். மாட்டவில்லை. அப்பா இருந்திருந்தால் அமர்ந்திருக்க வேண்டிய முதல் வரிசை இடத்தை அவள் பார்த்துவிட்டாள். என் அக்காள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தாள். பெண்ணுக்குக் கால் நகரவில்லை. ஆர்கன் வாசிக்கிறவர் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது அல்போன்சம்மாள் அவள் கையை இறுக்கிப் பிடித்து, காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், நடந்தாள்.

என்ன சொன்னார்? பின்வரிசைகளில் இருந்த உங்களில் எவருக்கும் கேட்டிருக்காது. முதல் வரிசையில், நடைபாதை ஓர மூலையில் கோட்டு மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த தாய்மாமனுக்குக் கேட்டது.

“விடாதடி, நட!”

தலைமை தாங்கிய பெரியவருக்கும், பொறுமை காத்த பிரியாணிக்கும், காது கொடுத்த தாய்மார்களுக்கும், வாய்விட்டுச் சிரித்த சாமியாருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி! உர்சுலா, சிலுவைராஜ், இரண்டு பேரும் நூறாண்டு சேர்ந்து நடங்கள்! இனி இந்த மண்டபத்தில் யார் வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும், பயமில்லாமல் கை தட்டலாம்! வணக்கம்!